குதிரைக் காசின் விளிம்பு

விக்ரோலி பார்க் சைட்டின் மலைச்சரிவில் உள்ள ஒரு சிறு வீட்டின் இரும்புப் பெட்டியில் வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடந்தது. ஒரு முகத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். மறுமுகத்தில் குதிரைமேல் ஒரு வீரன், ஓரத்தில் 1914, 1918 என்னும் ஆண்டுகள். வீட்டார் அதைக் ‘குதிரைக் காசு’ என்றனர். யாருடையது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

எண்பத்தைந்து வயதுத் தாத்தாவுக்குத் தெரிந்தது ஒன்றே. அவருடைய பாட்டனார் பாளையங்கோட்டைப் பட்டாளத்தோடு கடல் கடந்து போனார், திரும்பவில்லை. ‘ஓடிப்போனவன் மகன்’ என்ற ஏச்சைச் சுமந்தே தாத்தாவின் தந்தை நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தார், சுமந்தபடியே இறந்தார். ஆய்வு மாணவியான பேத்தி, தன் ஆய்வேட்டுக்கு வெளியே, அந்த ஏச்சின் பின்னே தேடிச் சென்றார்.

இத்தகைய தேடலுக்கு வட அமெரிக்காவில் நன்கு புழங்கிய தடம் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று, கனடாவில் குடியேறிய விசுவாசிகளின் வழித்தோன்றல்கள், படைப்பிரிவுப் பட்டியல், நில விண்ணப்பம், ஆலயத் திருமணப் பதிவு ஆகியவற்றைக் கொண்டு தலைமுறைகளை ஒவ்வொன்றாக மெய்ப்பிக்கின்றனர். 1789இல் டார்செஸ்டர் பிரபு அக்குடும்பங்களைத் தனியே குறித்துவைக்கச் செய்ததால், விசுவாசம் அங்கே பரம்பரைச் சிறப்பாயிற்று. மதராஸ் படையும் 1857இல் பெரும்பாலும் கம்பெனியின் பக்கமே நின்றது. அதன் சிப்பாய்களின் வழிவந்தோருக்கு அப்படியொரு சிறப்பு வாய்க்கவில்லை.

முதல் சான்று பதக்கத்தின் விளிம்பிலேயே இருந்தது. புளியிட்டுத் துலக்கியதும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் தெரிந்தன. படைப்பிரிவு, 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. 1914 அக்டோபர் 16 அன்று இதே பம்பாய்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய படை அது. ஏறத்தாழ எட்டாயிரம் பேர் கொண்ட அந்தப் பயணப் படையை, லெட்டோ-ஃபோர்பெக் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரே முறியடித்தனர். நவம்பர் 5ஆம் நாள் படை கப்பல் ஏறிப் பின்வாங்கியது. உடன் போரிட்ட வெள்ளையர் பட்டாளத்துக்குப் பெயரிலேயே விசுவாசம் இருந்தது: லாயல் நார்த் லங்காஷயர். பாளையங்கோட்டைப் படையோ, சிதறி ஓடிய படை என்று வரலாற்றில் எழுதப்பட்டது.

ஏச்சின் வேர் இங்கேதான் இருந்திருக்க வேண்டும். பட்டாளம் ஓடியது என்ற செய்தி, ஊர் வாயில் ஆள் ஓடினான் என்று திரிந்திருக்கிறது.

இரண்டாம் சான்று, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளம். ஆப்பிரிக்க, இந்தியப் படையினர் பலருக்குத் தனித்தனியே பெயர் பொறிக்கப்படவில்லை என்பதை அவ்வாணையத்தின் அறிக்கையே 2021இல் ஒப்புக்கொண்டது. ஆயினும் இந்த எண் கிடைத்தது. இறந்த நாள், 1914 நவம்பர் 4. தந்தை பெயரும் ஊரும் உடன் இருந்தன. ஒரே பெயரில் பலர் இருக்கக்கூடும் என்பதால் அவர் அதோடு நிறைவடையவில்லை.

மூன்றாம் சான்று ஊர் ஆலயத்தின் திருமணப் பதிவேடு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த பத்திகளில் வயது, நிலை, தொழில், இருப்பிடம், தகப்பன் பெயர் எல்லாம் உண்டு. தாயின் பெயருக்குப் பத்தி இல்லை. 1911ஆம் ஆண்டுப் பதிவில் மணமகன் தொழில் சிப்பாய்; அவன் தகப்பன் தொழில் கூலி. தகப்பன் பெயர் தரவுத்தளத்தோடு பொருந்தியது. விசுவாசமா, வயிற்றுப்பாடா என்ற கேள்விக்கு அந்த இரண்டு சொற்களே போதுமானவை.

சில ஏடுகள் தள்ளி, 1917இல், அதே மணமகளின் பெயர் மீண்டும் வந்தது. நிலை: கைம்பெண். மூன்று ஞாயிறுகள் சபையின் முன் அறிவிக்கப்பட்டு நடந்த திருமணம் அது. அவன் இறந்தான் என்பது அன்று ஊருக்குத் தெரிந்தே இருந்தது. தாத்தாவின் தந்தை ஏன் பெரியப்பா வீட்டில் வளர்ந்தார் என்பதற்கும் விடை அதே வரியில் இருந்தது.

முதல் செய்தியைச் சொல்வது எளிது. இரண்டாவதைச் சொல்வதா என்று அவர் பல நாள் தயங்கினார். ஆவணத்தில் பாதியை மறைத்தால் தானும் அந்த ஊரைப்போல் ஆகிவிடுவோம் என்று தோன்றியதால், ஒரு ஞாயிறு மாலை இரண்டையும் சொன்னார்.

தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ஏட்டி, அப்போ அவரு ஓடலையா?”

“இல்ல தாத்தா.”

“ஆச்சி கையெழுத்து இருக்கா?”

கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார் பேத்தி. இரண்டு பதிவுகளிலும் கையெழுத்தின் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. இரண்டாவது, முதலாவதைவிடச் சற்று அழுத்தமாக விழுந்திருந்தது. தாத்தா அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். மறுநாள் அந்த இரண்டு குறிகளையும் அச்செடுத்து வரச் சொன்னார். அவை இப்போது குதிரைக் காசோடு அதே பெட்டியில் இருக்கின்றன.