மாடியில் மலர்ந்த வெண்மலர்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு பழைய வீடு. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஓரிரு இரவுகள் அதன் மொட்டை மாடியில் கூட்டம் கூடும். 73 வயதான அந்த அம்மையார் மாலையிலேயே அண்டை வீடுகளுக்குச் சொல்லியனுப்பிவிடுவார்: "இன்று பிரம்ம கமலம் மலர்கிறது, வாருங்கள்."

கீழ்நோக்கித் தொங்கிய மொட்டு, மலரும் நாள் நெருங்கியதும் கழுத்தை வளைத்து நிமிரும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு இதழ் நெகிழும். நள்ளிரவில் உள்ளங்கையினும் பெரிதாக விரிந்து மாடி முழுதும் மணக்கும், விடிவதற்குள் துவண்டுவிடும். மலரின் உள்ளே பாம்பணையும் பள்ளிகொண்ட பெருமாளும் தெரிவதாக அம்மையார் காட்டுவார். பிறகு ஒரு மலரைக் கொய்து கோயிலாழ்வாருக்குச் சமர்ப்பிப்பார். எதிர்வீட்டு மாமி ஒருமுறை அம்மலரின் முன்னின்று மகளின் திருமணத்துக்காக வேண்டிக்கொண்டார். அடுத்த தையில் திருமணம் கூடிவந்தது. அதன்பின் கூட்டம் இரட்டித்தது.

19 ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு துண்டை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தவர் அம்மையாரின் கணவர். பிரம்ம கமலம் என்று பெயர் சொன்னவரும் அவரே. அவர் பரமபதித்து 6 ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஆண்டு பத்ரிகாசிரம யாத்திரை சென்று திரும்பிய மைத்துனர், காகிதத்தில் மடித்த காய்ந்த மலர் ஒன்றை எடுத்து வைத்தார். "மன்னி, அங்கே பிரம்ம கமலம் என்கிறது இதைத்தான்." மங்கிய மஞ்சள் நிறத்தில் மெல்லிய காகிதம்போன்ற மடல்கள்; அவற்றின் நடுவே கருஞ்சிவப்பாய்ச் சிறு பூக்களின் கொத்து. மாடியில் மலர்வதற்கும் இதற்கும் எந்த ஒற்றுமையும் இல்லை.

மைத்துனர் சொன்னது சரியே. இமயத்தில் 12,000 அடிக்கு மேல், ஆடி, ஆவணி மாதங்களையொட்டிப் பூக்கும் அச்செடி சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. உத்தராகண்டின் மாநில மலர். கேதாரத்திலும் பத்ரியிலும் இறைவனுக்குச் சாற்றப்படுவது. நம் வெயிலில் அது ஒரு நாளும் பிழைக்காது. நம் வீடுகளில் அப்பெயரால் வழங்குவதோ மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட முள்ளற்ற சப்பாத்திக்கள்ளி இனம். அதில் இலைபோல் தட்டையாகத் தெரிவது இலையன்று, தண்டு. அதனால்தான் விளிம்பிலுள்ள வெட்டுகளிலிருந்தே மொட்டு கிளைக்கிறது. இலையிலிருந்து பூ வருகிறதே என்று வியப்பவர்களுக்கு இது விடை. கேரளத்தார் இதனை நிஷாகந்தி என்பர்; இரவில் மணப்பதற்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

கள்ளி என்ற ஒரே சொல்லில் நாம் பலவற்றை அடைத்துவிடுகிறோம். கிள்ளினால் வெண்பால் வடிகிற சதுரக்கள்ளி நம் மண்ணுக்குரியது. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். சப்பாத்திக்கள்ளியோ கடல் கடந்து வந்தது. கிள்ளினால் நீர்தான் கசியும். முட்கள் சிறு மெத்தைபோன்ற புள்ளிகளிலிருந்து கிளம்பும். இவற்றையெல்லாம் அம்மையார் தொட்டிகளில் வளர்த்துத் தெரிந்துகொண்டவர். சோற்றுக்கற்றாழையையும் ஆனைக்கற்றாழையையும் மடலைத் தொட்டே பிரித்துச் சொல்வார். இந்த ஒன்றில் மட்டும் சோதிக்கத் தோன்றவில்லை. கணவர் சொன்ன பெயராயிற்றே.

வளர்ப்பு முறையில் அவர் தவறியதே இல்லை. வெட்டிய துண்டை உடனே நடமாட்டார். வெட்டுவாய் காயச் சில நாட்கள் நிழலில் கிடத்துவார். மணலும் இலைமக்கும் கலந்த இளகிய மண். காலை வெயில் மட்டும். மேல்மண் காய்ந்தபின்தான் தண்ணீர். காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வாழும் செடியாதலால் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்களே அதிகம்.

அன்றிரவு அம்மையாருக்கு உறக்கம் இல்லை. "இத்தனை வருஷம் பெருமாளிடம் பொய் சொல்லியிருக்கிறேனா?" என்பதே கேள்வி. உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டார். "வாசனையுள்ள வெள்ளைப் பூ. நீங்கள் வளர்த்தது. அவருக்குத் தெரியாத பூவா?" என்று அவர் சிரித்தார். அவ்வளவில் பெருமாள் விஷயம் தீர்ந்தது. அயலார் விஷயம் தீரவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நம்மில் பலர் எண்ணுவோம். அவர் அப்படி எண்ணவில்லை.

அடுத்த மொட்டு விரிந்த இரவில், கூடியவர்கள் முன் காய்ந்த மலரைத் தட்டில் வைத்தார். "பத்ரியில் இருப்பது இது. நம்முடையது நிஷாகந்தி. இவருக்குச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்கள். நானும் அப்படியே சொல்லிவந்தேன்." சிலர் இரண்டு பூக்களையும் மாறிமாறிப் பார்த்தனர். ஒருவர் கைப்பேசியில் படமெடுப்பதை நிறுத்தினார். எதிர்வீட்டு மாமியின் முகம் சிவந்தது. "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்று கூறிவிட்டுப் படியிறங்கினார். அடுத்த மலருக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை.

அம்மையார் தொட்டியில் சுண்ணாம்பால் பெயரை மாற்றி எழுதினார். துண்டு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லியே கொடுத்தார்.

ஐப்பசியின் தொடக்கத்தில் ஓர் இரவு, பத்து மணிக்குமேல் மாடிப்படியில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. எதிர்வீட்டு மாமி. விரிந்துகொண்டிருந்த மலரின் அருகில் குனிந்து நெடுநேரம் முகர்ந்தார். "கொடியில் இன்னும் எத்தனை மொட்டு இருக்கிறது, மாமி?"

"இரண்டு" என்றார் அம்மையார், உட்கார மணையை நகர்த்திப் போட்டவாறே.