வெட்டு விழும் உயரம்

டையோடை மாற்றினால் டோன் மாறும் என்பது கிட்டார் பெடல் கட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சு. டோனுக்கு முன்னால் மாறுவது சத்தம். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் சர்க்யூட்தான். ரேண்டி ரோட்ஸ் வாசித்த பெடல் என்பதாலேயே அதைக் கட்ட ஆசை வந்தது. ஒரு 741 ஆப்-ஆம்ப் ஐசி, கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர். கடைசியில் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, எதிரெதிராகத் திரும்பிய இரண்டு ஜெர்மேனியம் டையோடுகள்.

அந்த ஜெர்மேனியத்துக்காக ரிச்சி தெருவில் அலைந்தது இன்னும் நினைவிருக்கிறது. சிலிக்கான் டையோடான 1என்4148 கேட்டால் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள். ஜெர்மேனியம் என்றால், "அதெல்லாம் ரேடியோ காலத்தோட போச்சு தம்பி." ஒருவர் மட்டும் தகர டப்பாவைக் கவிழ்த்துத் துழாவி ஓஏ79 எடுத்துத் தந்தார். வானொலி அலையிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுக்க டிடெக்டராக இருந்த டையோடு அது. மிகச் சிறிய மின்னழுத்தத்திலேயே கடத்தத் தொடங்கும் குணத்தால்தான் ரேடியோவுக்கு உதவியது. கிட்டாருக்கும் அதே குணம்தான் வேண்டியிருந்தது.

ஜெர்மேனியம் சுமார் 0.3 வோல்ட்டில் வழி விடும். சிலிக்கான் 0.6. சிவப்பு எல்இடி 1.7 வரை பொறுத்திருக்கும். சிக்னல் அதற்கு மேல் எழும்போது, வேலிச்செடியைக் கத்தரித்த மாதிரி தலை தட்டையாகிவிடும். கத்தரிக்கும் உயரமே வெளியே வரும் சத்தத்தின் உச்சவரம்பு. சிலிக்கானிலிருந்து எல்இடிக்குப் போனால் ஏறத்தாழ 9 டெசிபல் கூடும். காதுக்கு அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. நண்பர்களை உட்காரவைத்து டையோடு மாற்றி மாற்றி வாசித்துக்காட்டிய மாலைகளில் எல்இடிதான் ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. "திறந்து கேக்குதுடா" என்றான் பாஸ் வாசிக்கிற நண்பன். வால்யூமைக் குறைத்து, கெயினை அதே அளவு ஏற்றிவிட்டு மறுபடி வாசித்தேன். இப்போது அவனால் எது எது என்று சொல்ல முடியவில்லை. நாங்கள் வாய் ஓயாமல் புகழ்ந்த குணத்தில் பெரும்பகுதி வெறும் உயரம்.

டியூப் ஸ்க்ரீமர் வேறு கதை. 1979இல் ஐபனீஸ் கொண்டுவந்த டிஎஸ்808இல் டையோடுகள் கிரவுண்டுக்குப் போவதில்லை; ஆப்-ஆம்ப்பின் பின்னூட்டப் பாதையில் இருக்கின்றன. அவை கடத்தும்போது கெயின் ஒன்றுக்கு இறங்குமே தவிர அதற்குக் கீழே போகாது. அதனால் நாம் வாசித்த மூல ஒலி, வெட்டுப்பட்ட ஒலியின் மேல் அப்படியே ஏறி வருகிறது. அங்கே ஜெர்மேனியம் போட்டால் சத்தம் குறைவதோடு மூல ஒலியின் பங்கும் கூடும். டையோடு மாற்றுவது கலவையையே மாற்றுகிற இடம் அது. ஸ்டீவி ரே வானின் கிட்டாரில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். (1977இல் வந்த பாஸ் ஓடி-1இல் ஒரு பக்கம் ஒரு டையோடு, மறுபக்கம் இரண்டு. மேலும் கீழும் வெவ்வேறு உயரத்தில் வெட்டு விழுவதால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் சேரும். அந்தக் கரகரப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.)

சென்னை மே மாத வெயிலும் இந்தக் கணக்கில் உண்டு. டையோடின் மின்னழுத்தம் ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். 20 டிகிரி ஏறினால் 40 மில்லிவோல்ட். சிலிக்கானுக்கு அது சில்லறை. 300 மில்லிவோல்ட்டில் வாழும் ஜெர்மேனியத்துக்கு எட்டில் ஒரு பங்கு போய்விடும். கசிவு மின்னோட்டம் வேறு.

டிஸ்டார்ஷன் பிளஸ்ஸுக்கே வருகிறேன். டிஓடி 250 ஏறக்குறைய அதே சர்க்யூட்தான், டையோடு மட்டும் சிலிக்கான். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க விரும்புகிறவர்கள் டிபிடிடி சுவிட்ச் போடட்டும். ஒரு பக்கம் டையோடு ஜோடியை மாற்றும். மறுபக்கம் சிலிக்கானுக்கு மட்டும் வெளியீட்டைப் பாதியாக்கும் இரண்டு ரெசிஸ்டர்களைச் சேர்க்கும். சத்தம் சமமான பிறகு மிஞ்சுவது வளைவின் மென்மை. ஜெர்மேனியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தத் தொடங்கும், சிலிக்கான் சட்டென்று. விரலை லேசாக வைத்துத் தந்தியைத் தொட்டால் அந்த வித்தியாசம் கேட்கும். பவர் கார்டு அடித்தால் கேட்காது.