தமிழுக்கு நம்பர் 11

தமிழுக்கு ஒரு நம்பர் உண்டு, தெரியுமோ? 11. மலையாளத்துக்கு 8. தெலுங்குக்கு 12. எண்கணித ஜோசியம் இல்லை சார், எஸ்.எம்.எஸ். சமாச்சாரம். இந்தப் பதினொன்றை நம்பி ஒரு ஆஸ்பத்திரியின் எஸ்.எம்.எஸ். பில்லை மூன்றில் ஒரு பங்காக்கிவிடலாம் என்று 2014-ல் எங்கள் ஆபீஸில் ஒரு யோசனை கிளம்பியது. கிளப்பியவர் மேனேஜர். கிலி பிடித்தது எனக்கு.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு உள்ள இடம் 140 பைட். ஆங்கிலம் எழுத்துக்கு 7 பிட் எடுத்துக்கொண்டு 160 எழுத்து உட்கார்ந்துவிடும். தமிழ், யூனிகோடில் 16 பிட் கேட்கும். 70-தான் கொள்ளும். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனி டிக்கெட். 'நாளை காலை வெறும் வயிற்றில் வரவும்' என்பது நமக்கு 16 எழுத்து, நாலு இடைவெளி. மெஷினுக்கு 33! எழுபதைத் தாண்டினால் செய்தியைத் துண்டு போட வேண்டும். துண்டுகளைக் கோக்கிற விவரத்துக்கும் இடம் போவதால் துண்டுக்கு 67-தான். ஆஸ்பத்திரி அனுப்பியது 150. அதாவது மூன்று துண்டு, மூன்று மடங்கு காசு.

இந்த விதிகளை எழுதுகிற 3ஜிபிபி அமைப்பு 2009-ல், ரிலீஸ் 9 என்ற பதிப்பில், இந்திய மொழிகளுக்கும் 7 பிட் அட்டவணை போட்டுக் கொடுத்தது. செய்தியின் தலைப்பில் 37, 1, 11 என்று மூன்று எண். 'அட்டவணையை மாற்று, விவரம் ஒரு பைட், மொழி தமிழ்' என்று அர்த்தம். ஒரே துண்டில் 155 கொள்ளும்.

"ஏம்ப்பா, இத்தனை நாளா இதை ஏன் பண்ணலை?" என்றார் மேனேஜர், நான் ஏதோ ஒளித்து வைத்திருந்த மாதிரி.

டெலிபோன் நெட்வொர்க்கில் புதுப் பதிப்பு வருவது பெரிய விஷயமே இல்லை. பழைய பதிப்பு போகாமல் இருப்பதுதான் விஷயம். எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் பேசுகிற 'மேப்' பாஷையில் வெர்ஷன் 1, 2, 3 என்று உண்டு. ஒன்று 3-ல் ஆரம்பிக்கும். எதிராளி "அது நமக்கு வராது" என்றால் 2-க்கு இறங்கி வரும். சம்பந்தி பேச்சு மாதிரி, படி இறங்கி முடித்துக்கொள்வார்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் அந்த வசதி கிடையாது. "அம்மா, உங்க போன் எந்த வருஷத்து மாடல்?" என்று அனுப்புகிறவன் கேட்க முடியாது. செய்தி போய் விழும், அவ்வளவுதான்.

அதற்காக முன்னோர்கள் ஒரு விதி வைத்தார்கள். தலைப்பில் தெரியாத எண் வந்தால், பக்கத்தில் இருக்கிற நீளத்தைப் பார்த்து, அந்த விவரத்தைத் தாண்டிப் போய்விடு. நல்ல விதிதான். ஆனால் தாண்டினால் குடி முழுகாத விவரமாக அது இருக்க வேண்டாமோ? கல்யாணப் பத்திரிகையில் 'இன்னிசைக் கச்சேரி உண்டு' என்ற வரியை விட்டுவிட்டுப் படித்தால் ஒன்றும் மோசமில்லை. 'முகூர்த்தம் மறுநாளுக்கு மாற்றப்பட்டுள்ளது' என்பதை விட்டுவிட்டால் காலி மண்டபத்தில் மொய்க்கவரோடு நிற்க வேண்டியதுதான்.

யூரோ நாணயக் குறிக்கு இடம் போட்டவர்கள் இதை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள் தெரியுமா? அதற்குக் கொடுத்த கோடு 27, அப்புறம் 101. வெறும் 101 என்றால் ஆங்கிலச் சின்ன 'ஈ'. பழைய போனுக்கு 27 புரியாது, இடைவெளி விடும். அடுத்து 'ஈ' போடும். ஐம்பது யூரோ என்பது '50 ஈ' ஆகும், யாரும் ஏமாற மாட்டார்கள். துருக்கியருக்கும் இதே உபாயம். அவர்களுடைய வால் வைத்த 'எஸ்' எழுத்தைச் சாதாரண 'எஸ்' இருக்கிற எண்ணிலேயே வைத்தார்கள். பழைய போனில் வால் போகும், வார்த்தை தங்கும்.

நம்முடைய 'க'வுக்கு இப்படி ஒண்டிக்கொள்ள இடமே இல்லை. பழைய போன் 37-ஐத் தாண்டிவிட்டால் மிச்சம் முழுவதையும் ரோமன் எழுத்து என்று நினைத்துப் படிக்கும்.

வாயால் சொன்னால் மேனேஜர் கேட்கிற ஜாதியில்லை. ரிச்சி தெருவில் ஏழு போன் வாங்கினேன், எல்லாம் செகண்ட் ஹாண்ட். இரண்டு ஆண்ட்ராய்டு, ஐந்து பட்டன் போன். ஆண்ட்ராய்டுகள் சமர்த்தாகத் தமிழ் காட்டின. பட்டன் போன்களில் யூனிகோடு தமிழ் நன்றாகவே வந்தது. ஆனால் 11-ஆம் நம்பர் தமிழ் ஐந்திலும் பெரிய எழுத்தும் கிரேக்க எழுத்தும் கலந்த கூழாக வந்து விழுந்தது.

அப்படியே மன்னார்குடி அத்தைக்கும் ஒன்று அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன்.

"ஏண்டா தம்பி, உன் நம்பர்லேர்ந்து என்னமோ மந்திரம் மாதிரி வந்திருக்கு. எவனாவது செய்வினை வெச்சுட்டானா?"

"ஆபீஸ் டெஸ்ட் அத்தை. அழிச்சுடுங்க."

"அப்பவே அழிச்சுட்டேன்."

அந்த 'அப்பவே அழிச்சுட்டேன்' போதும் எனக்கு. ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்புவது ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லும் செய்தி. அதை அழித்துவிட்டு, நாலு இட்லி சாப்பிட்டு, ரெண்டு பஸ் மாறி வருகிற மனுஷியை "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். பில்லில் மிச்சம் பிடித்த காசு அவள் பஸ் சார்ஜுக்குக் காணுமா?

ஐந்து போன்களையும் மேனேஜர் மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "சரி, யூனிகோடுலயே போகட்டும். ஆனா எனக்கு ஒரே துண்டு வேணும்" என்றார். நியாயம்தான். உட்கார்ந்து வெட்டினேன். ஆஸ்பத்திரியின் பெருமை போயிற்று, 'தயவுசெய்து' போயிற்று, தேதி, நேரம், வெறும் வயிறு மூன்றும் நின்றன. 150, 58 ஆனது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "என்ன சார், கோர்ட் சம்மன் மாதிரி இருக்கு. கொஞ்சம் மரியாதையா ஏதாவது போடக்கூடாதா?"

விரல் விட்டு எண்ணினேன். 'அன்புடையீர்' 11. ஓர் இடைவெளி, 12. போட்டுவிட்டேன், சரியாக எழுபது.