பை காக்கிறவள்

சின்னசேலத்தில் மொட்டைமாடி ஏறினால் கல்வராயன் மலை தெரியும். துணி உலர்த்தும்போதெல்லாம் இந்த ஊர்ப் பெண்கள் அதைப் பார்க்கிறோம். குறிஞ்சிப்பாட்டு நடத்திய ஒருநாள், "மேகம் நீர்வீழ்ச்சிக்கு யாரெல்லாம் போயிருக்கிறீர்கள்?" என்று வகுப்பில் கேட்டேன். பையன்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். பைக் போதும் அவர்களுக்கு. பெண்களில் நான்கு பேர். நால்வரும் குடும்பத்தோடு போனவர்கள். "குளிச்சீங்களா?" என்றேன். "இல்ல மேடம், பை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்."

எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிப் பெரியார் நீர்வீழ்ச்சிக்கு வேன் வைத்துப் போனோம். முதல்நாள் இரவே புளிசாதம் கிளறியது பெண்கள். வழியில் எங்கே ஒதுங்குவது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்ததும் பெண்கள். ஆண்கள் துண்டோடு இறங்கியதும் அவர்களுடைய செல்போன், பர்ஸ், கடிகாரம் எல்லாம் என் மாமியார் மடியில் சேர்ந்தன. அறுபது வயதில் முதன்முதலாக மலையேறியவர் அன்று நனைத்தது கணுக்கால் வரைதான். ஈரப்புடவையை எங்கே மாற்றுவது, எவன் வீடியோ எடுப்பான் என்ற பயம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கப் போகிறார்கள். அருவியில் ஆடுகிறார்கள், கூந்தல் உலர்த்துகிறார்கள், பூப்பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். தலைவன் வருவதற்கு முன்பே அந்த மகிழ்ச்சி முழுதாக இருக்கிறது. கபிலர் சொன்ன 99 பூக்களைத் தேர்வில் கேட்கிறோம். இரண்டு பெண்கள் ஆண் துணையில்லாமல் குளித்ததைக் கேட்பதில்லை. அதுவும் வேலைக்கு அனுப்பிய இடத்தில் அவர்களே எடுத்துக்கொண்ட நேரம்.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு மலை இன்றும் வேலையிடம்தான். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மண் அது. வெள்ளிமலையில் எனக்குச் சாமை விற்ற அக்கா சொன்னார்: "ஞாயித்துக்கெழம அருவிப் பக்கம் நாங்க போறதில்லம்மா. குடிச்சிட்டுக் கெடப்பானுங்க." கீழேயிருந்து போகிற பெண்ணும் மேலேயே இருக்கிற பெண்ணும் ஒரே கூட்டத்துக்குப் பயந்துதான் தண்ணீரைவிட்டு ஒதுங்குகிறோம்.

கோடை விழா நடந்தால் வளைவு கட்டுகிறார்கள். பெண்களுக்கு வேண்டியவை தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, இருட்டுமுன் இறக்கிவிடும் பஸ். ஒரு இடம் சுற்றுலாத்தலமா இல்லையா என்பதை நான் இவற்றை வைத்துத்தான் சொல்வேன்.

கேட்க வேண்டியதை அரசிடம் கேட்போம். வீட்டில் செய்ய வேண்டியதற்கு மனுப்போடத் தேவையில்லை. அடுத்தமுறை வேன் பேசும்போது அம்மாவுக்கும் மாமியாருக்கும் மாற்றுத்துணி எடுத்துவையுங்கள். அவர்கள் குளித்து முடிக்கிறவரை பைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.