மூடியைத் திறக்காதே

கன்சாஸ் சிட்டி, மிசோரி மாநிலம். ஜனவரி. விடிகாலை நாலரை மணி.

சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் விளக்கு மட்டும் எரிகிறது. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் உறைபனி. காபி மெஷின் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. வார்ப்பிரும்புச் சட்டி காய்கிறது.

அவள் ஏற்கெனவே சீருடையில் இருக்கிறாள். கிடங்கின் அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் கறிப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள்.

பிளாஸ்டிக் உறையின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர். 30 சதவீதம் தள்ளுபடி. விற்பனைக்குக் கடைசி நாள் நேற்று. மாட்டின் தோள்பட்டைக் கறி, ஒன்றரை பவுண்டு. அதே கடையில், அதே அடுக்கில், ஸ்ட்யூவுக்கென்றே துண்டு போட்ட கறியும் கிடைக்கிறது. அதன் விலை கூடுதல். இவள் முழுசாக வாங்கி வீட்டில் வெட்டுகிறாள்.

கறிக்குக் குறுக்கே வெள்ளை ஜவ்வு ஓடுகிறது. மாடு நின்றபோதும் நடந்தபோதும் பாரம் தாங்கிய தசை. அவசரமாகச் சமைத்தால் பல்லுக்கு மசியாது. கத்தி தடித்த கொழுப்பை மட்டும் சீவுகிறது. ஜவ்வைத் தொடவில்லை.

துண்டுகள் பெரியவை. ஒவ்வொன்றின் ஈரத்தையும் காகிதத்தால் ஒற்றி எடுக்கிறாள். உப்பு, மிளகு, ஒரு பிடி மைதா. சட்டியில் முதலில் பாதிதான் விழுகிறது. நெருக்கிப் போட்டால் கறி நீர் விட்டு வெந்துவிடும், சிவக்காது. மணி நாலு ஐம்பது. பஸ் ஐந்து இருபதுக்கு. ஆனாலும் இரண்டாவது பாதி தன் முறைக்குக் காத்திருக்கிறது. ருசியில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

சட்டியின் அடியில் பழுப்புப் பொருக்கு. இறங்கிய காபியில் அரைக் கோப்பையை அதில் ஊற்றுகிறாள். மரக்கரண்டியால் சுரண்டுகிறாள். பொருக்கு கரைந்து கருஞ்சாறாகிறது. மீதிக் காபி அவளுடைய பயணக் குவளைக்குப் போகிறது.

மேடையில் பானை நிற்கிறது. ஆரஞ்சு நிறம். இரண்டு கைப்பிடி. கண்ணாடி மூடி. ஒரே ஒரு திருகி: ஆஃப், லோ, ஹை. டைமர் கிடையாது. 1973இல் அவள் அம்மாவுக்கு வந்த கல்யாணப் பரிசு. உள்ளிருக்கும் மண்பாண்டம் வெளிக்கூட்டோடு சேர்ந்தது, கழற்ற வராது. தனியே எடுத்துக் கழுவும் பானை கடைக்கு வந்தது 1974இல்.

ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாக்கள் வெளிவருகின்றன. காய்களை இரவே நறுக்கியாயிற்று. உருளைக்கிழங்கு தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. முதலில் அதுதான் பானைக்குள் இறங்குகிறது, கூடவே கேரட். இந்தச் சூட்டில் கிழங்கு வேகக் கறியைவிட நேரம் பிடிக்கும். அதனால் அதற்கு அடிமட்டம். அதன் மேல் வெங்காயம், செலரித் தண்டு, பூண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கறி. தக்காளி விழுது, சில சொட்டு வூஸ்டர் சாஸ், காபிச் சாறு, சூப் கட்டி கரைத்த வெந்நீர். நீர் கறியை மூடவில்லை. மூடிய பானையில் ஆவி எங்கேயும் போவதில்லை.

கடைசியாக ஒரு பிரிஞ்சி இலை.

மூடி. திருகி லோ-வுக்குத் திரும்புகிறது. மூடியின் மேல் ஓர் அட்டையை மடித்து நிறுத்துகிறாள். பெரிய எழுத்து: 'திறக்காதே'. ஓரங்கள் மழுங்கிய அட்டை. ஒரு முனையில் பழைய தக்காளிக் கறை.

கதவைச் சாத்துகிறாள். மணி ஐந்து பதினாறு.

பானையின் அடியில் கம்பெனியின் பெயர்: ரைவல், கன்சாஸ் சிட்டி. இதே ஊர். ஆனால் பானையின் வேர் வெகு தூரத்தில்.

வில்னியஸ். பல பத்தாண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கப்போகிறது. இனி மறுநாள் இருட்டும்வரை அடுப்பு மூட்டக்கூடாது. ஒரு பெண் அவரைக்கொட்டையும் கிழங்கும் கறியும் போட்ட பானையை ரொட்டிக்கடைக்கு அனுப்புகிறாள். கடையின் அடுப்பு அணைந்துகொண்டிருக்கிறது. அணையும் சூட்டில் பானை இரவு முழுக்கக் கிடக்கிறது. மறுநாள் சோலண்ட் என்னும் ஸ்ட்யூ தயார். அடுப்பை யாரும் தொடவில்லை.

சிகாகோ, 1936. அந்தப் பெண்ணின் பேரன், பொறியாளர். பின்னாளில் இர்விங் நாக்சன் என்று அறியப்படுபவர். அம்மா சொன்ன ரொட்டிக்கடைக் கதை அவர் மனதில் இருக்கிறது. பானையைச் சுற்றி மின்கம்பிச் சுருளைப் பொருத்திக் காப்புரிமைக்கு எழுதிப்போடுகிறார். 1940இல் கிடைக்கிறது. கருவி 'நாக்சன் பீனரி' என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. அவரைக்கொட்டை வேகவைக்கும் பானை, அவ்வளவுதான்.

1970இல் ரைவல் கம்பெனி நாக்சனின் தொழிலை வாங்குகிறது. அவரைக்கொட்டை வெந்த பானையில் கறி வேகிறது. 1971இல் சிகாகோவின் வீட்டுப்பொருள் கண்காட்சிக்குப் பானை புதுப்பெயரோடு வருகிறது: க்ராக்பாட். அந்த வருட விற்பனை 20 லட்சம் டாலர். 1975இல் 9.3 கோடி. காலையில் வேலைக்குக் கிளம்பும் பெண்களின் எண்ணிக்கை நாடெங்கும் கூடிக்கொண்டிருக்கும் வருடங்கள் அவை.

மணி ஏழு. பின்கதவு திறக்கிறது. இரவுக்காவல் முடிந்து கணவன் வருகிறான். பூட்ஸில் ஒட்டிய பனியை மிதியடியில் தட்டுகிறான். பானைக்கு முன்னால் நிற்கிறான். அட்டையைப் படிக்கிறான், முதல்முறை படிப்பவன் மாதிரி. மூடிக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்க்கிறான். இன்னும் சூடு ஏறவில்லை. மகனை எழுப்புகிறான். மகன் பள்ளிக்குப் போனதும் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறான்.

பத்து மணி. மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. துளிகள் ஓரத்துக்கு வழிந்து, பானைக்கும் மூடிக்கும் நடுவே நீர்வளையமாக நிற்கின்றன. உள்ளே ஒரு குமிழி. வெகு நேரம் கழித்து இன்னொன்று.

நண்பகல். கறி 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. ஜவ்விலிருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறத் தொடங்குகிறது. சாறு மெல்லத் தடிக்கிறது. இந்த வேலைக்குத் தேவை நேரம். பானைக்கு அது இருக்கிறது.

வாசனை கூடத்தைக் கடந்து படுக்கையறைக் கதவின் இடுக்கில் நுழைகிறது. தூங்குபவன் புரண்டு படுக்கிறான்.

மூன்றரை. மகன். வயது பதின்மூன்று இருக்கும். புத்தகப்பை நாற்காலியில் விழுகிறது. அட்டையைப் பார்க்கிறான். படுக்கையறைக் கதவைப் பார்க்கிறான். அட்டையை எடுத்து மேடையில் வைக்கிறான்.

மூடி ஒரு சாண் உயர்கிறது. ஆவி முகத்தில் அடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்து ஒரு மூச்சு. மூடி திரும்ப இறங்குகிறது. போன சூடு திரும்பிவர இருபது நிமிடம் ஆகும். மேடையில் சிந்திய துளிகளைச் சட்டைக் கையால் துடைக்கிறான். அட்டையைப் பழையபடி நிறுத்துகிறான்.

நாலு மணிக்கு அவள் வருகிறாள். கோட்டைக் கழற்றுமுன் பானைப் பக்கம் போகிறாள். அட்டையின் எழுத்து சுவரைப் பார்த்து நிற்கிறது. மகன் கணக்கு நோட்டில் மும்முரமாக இருக்கிறான். அவள் அட்டையை மடித்து இழுப்பறைக்குள் போடுகிறாள். ஒன்றும் கேட்கவில்லை.

உறைந்த பச்சைப்பட்டாணி, ஒரு கைப்பிடி. அது கடைசிக் கால் மணிக்கு மட்டும். முன்பே போட்டால் நிறம் செத்துவிடும். முள்கரண்டியைக் கறித்துண்டில் ஊன்றித் திருப்புகிறாள். கறி நாராகப் பிரிகிறது. பானையோடு வந்த செய்முறைப் புத்தகத்தில் ஸ்ட்யூவுக்கு லோ-வில் 10 முதல் 12 மணி நேரம் என்று இருக்கிறது. இப்போது பதினோரு மணி நேரம்.

நாலரை. மூன்று கிண்ணம், மூன்று பேர். கடை ரொட்டி, அட்டை பிரிக்காத வெண்ணெய். அவன் முகம் கழுவிக் காவல் சீருடையில் உட்கார்கிறான். அவள் இன்னும் கிடங்குச் சீருடையில். ஒருவருக்கு இது காலைச் சாப்பாடு, ஒருவருக்கு இரவுச் சாப்பாடு. முதல் சில வாய்க்கு யாரும் பேசுவதில்லை. ரொட்டி சாற்றைத் துடைக்கிறது. அவன் கிண்ணத்தை நீட்டுகிறான். அவள் அடியிலிருந்து அள்ளிப் போடுகிறாள்.

பிரிஞ்சி இலை மகனின் கிண்ணத்தில் கிடக்கிறது. இலை யாருக்கு வருகிறதோ அவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். அவன் கரண்டியால் இலையைக் கறிக்கு அடியில் தள்ளுகிறான். அப்பா ரொட்டியை மென்றபடி அந்தக் கரண்டியையே பார்க்கிறார். இலை மேலே வருகிறது.

ஐந்தேகால். அகன்ற வாய் ஃப்ளாஸ்கில் கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, சூடான ஸ்ட்யூவை நிரப்புகிறாள். நடுநிசிச் சாப்பாடு. மீதி, தட்டையான இரண்டு டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. வெளியே கார் கிளம்புகிறது.

பானை ஆறியிருக்கிறதா என்று மகன் தொட்டுப் பார்க்கிறான். சூட்டோடு குளிர்ந்த நீர் பட்டால் மண்பாண்டம் விரிசல் விடும். இன்னும் ஆறவில்லை. கிண்ணங்களை முதலில் கழுவுகிறான். பிறகு மின்கம்பியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பானையைத் தொட்டிமேல் சாய்த்துப் பிடித்து, வெளிக்கூடு நனையாமல் உள்ளே தேய்க்கிறான். அம்மா உருளைக்கிழங்குப் பையை எடுத்து எதிரே உட்கார்ந்து, இன்னும் எத்தனை இருக்கிறது என்று எண்ணுகிறாள்.