காயல் கடற்கரையில் கைவீசி நடந்த நாட்கள்

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயிலில் ஆறுமுகநேரியைத் தாண்டியதும் வருவது காயல்பட்டினம். என் தாய்வீடு அங்குதான். பெண்மக்களுக்கே வீடு என்னும் ஊர் வழக்கப்படி இன்று அது என் லாத்தாவின் வீடு. சென்ற ஆண்டு, மார்பில் புதிய பேஸ்மேக்கருடன் அவ்வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தேன்.

அக்கருவி எனக்குப் புதிதன்று. இதயத்தின் மின்பாதையில் ஏற்பட்ட தடைக்காக ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பொருத்தியது. மின்கலம் தீரும் நிலை வரவே, கருவியை மட்டும் மாற்றினர். இதயத்துக்குச் செல்லும் கம்பிகள் பழையவையே. முதன்முறை கம்பிகள் இதயத்தில் பதியும்வரை முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது என்று சில வாரங்கள் தடுத்திருந்தார்கள். இம்முறை அத்தடை இல்லை என்று சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இடக்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மூன்று வாரம் கட்டிலே கதியெனக் கிடந்தேன். விளைவு? தோள் இறுகிவிட்டது. தக்பீர் கட்டுகையில் வலக்கை மட்டுமே காதுவரை சென்றது. மதரஸாப் பிள்ளைகளுக்குத் தொழுகை முறை கற்பிப்பவனின் நிலை இது!

"புண்தான் ஆறிவிட்டதே, கையை ஏன் முடக்கினீர்கள்? வீசி நடங்கள்" என்று மருத்துவர் கடிந்துகொண்டார். நடப்பதற்கு நான் தேர்ந்த ஊர் காயல்.

வீட்டிலிருந்து கடற்கரை தொலைவன்று. ஆயினும் முதல்நாள் இரண்டு திண்ணைகளில் அமர்ந்தே போய்ச் சேர்ந்தேன். இவ்வூரில் வீடுகளுக்கிடையே பெண்கள் புழங்கும் குறுகலான சந்துகள் உண்டு, முடுக்கு என்பர். இதய முடுக்கியைச் சுமந்தவன் முடுக்குக்குள் நுழையாமல் தெரு சுற்றிப் போவதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். தமிழ் படித்தவனின் பழக்கம், பொறுத்தருள்க.

அஸருக்குப்பின் கடற்கரையில் ஊரே கூடும். உலர்ந்த மணல் காலை இழுத்துக் களைப்பூட்டும். அலை நனைத்த இறுகிய மணலே நடைக்கு ஏற்றது. கைபேசியைச் சட்டைப்பையில் வைக்கும் வழக்கத்தை விட்டேன். கருவிக்கும் அதற்கும் 15 செ.மீ. இடைவெளியேனும் வேண்டுமாம்.

அங்கே பெரியவர் ஒருவர், "தம்பி, நெஞ்சில் கருவி வைத்தவருக்கு இத்தனை நடை ஆகுமா?" என்று கேட்டார். அவருக்கு ஆர்னே லார்சன் கதையைச் சொன்னேன். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோம் நகரில், உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட முதல் மனிதர் அவர். அப்போது வயது 43. முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. பிறகு மாற்றி மாற்றி மொத்தம் 26 கருவிகளோடு வாழ்ந்து, 2001இல் 86ஆம் வயதில் காலமானார். பெரியவர் சுண்டல் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "அப்படியானால் உமக்கு இன்னும் இருபத்து நான்கு பாக்கி" என்றார்.

மாலையில் நடை, காலையில் சுவர். கூடத்துச் சுவரில் இடக்கை விரல்களை எறும்புபோல் மேலேற்ற வேண்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். எட்டிய இடத்தில் லாத்தா மகள் சுண்ணக்கட்டியால் கோடு போடுவாள். முதற்கோடு என் மார்பளவு. சில நாட்கள் கோடு நகரவேயில்லை. ஒருநாள் கீழிறங்கியதும் உண்டு. ஊருக்குத் திரும்பும் முதல்நாள், கோடு என் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அன்று மக்ரிபுத் தொழுகையில் இடக்கைப் பெருவிரல் காதுமடலைத் தொட்டது. அல்ஹம்து லில்லாஹ்!

பெருநாளுக்கு வெள்ளையடித்தபோதும் அச்சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னாளாம் லாத்தா மகள்.