பெயரும் எண்ணும்

ஒரு கணினியில் ஒரே வேளையிற் பல செய்நிரல்கள் இயங்கிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்றை நிறுத்தவோ, உறங்கச் செய்யவோ, மீண்டும் எழுப்பவோ வேண்டின், பணிசெயல் முறைமை அதற்கொரு சைகையை அனுப்பும். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடக்கிவைத்த யுனிக்ஸ் மரபில் வளர்ந்த வழக்கம் இது. அம்மரபைத் தழுவிய லினக்ஸ், மக் முதலிய முறைமைகள் இன்றும் இதனைக் கைக்கொண்டு வருகின்றன. ஒவ்வொரு சைகைக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. இவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா எனப் பார்ப்பது மிகச் சிறிய காரியம்போலத் தோன்றும். ஆயினும் எமது தொழில் வாழ்விற் பெற்ற பாடங்களுள் மறத்தற்கரிய ஒன்றை இச் சிறு காரியமே எமக்குக் கற்பித்தது. அதனை இம் மலர் வாயிலாக எம் கல்லூரிச் சகோதரர்க்கும் இளைய மாணாக்கர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தமையைத் தமிழ் வகுப்பிற் பயின்றோர் யாவரும் அறிவர். சைகையின் பெயர் காரணப்பெயரை ஒத்தது. 'சிக்-ஹப்' என்பது தொலைபேசித் தொடர்பு அறுந்தமையை அறிவித்தற்கு எழுந்த பெயர். 'சிக்-டேர்ம்' என்பது, 'கைவேலையை முடித்துக்கொண்டு விடைபெறுக' எனப் பணிவுடன் வேண்டுவது. 'சிக்-கில்' என்பதோ வேண்டுகோள் அன்று. அதனைத் தடுத்தலும் இயலாது, புறக்கணித்தலும் இயலாது. பெற்ற செய்நிரல் மாய்ந்தே தீரும். திறந்த ஏட்டை மூடிவைக்கவும் அதற்கு அவகாசம் இராது. இவற்றின் எண்கள் முறையே 1, 15, 9 ஆகும். இவ்வெண்களைப் பார்த்துப் பொருளை உணர்தல் எவர்க்கும் ஆகாது. அவை வெறும் இடுகுறிகளே.

இட்ட குறியாதலால் அஃது இடத்துக்கு இடம் வேறுபடவுங் கூடும். 1988ஆம் ஆண்டு முதன்முதல் வெளியாகிப் பின் வளர்ந்த போசிக்ஸ் நியமம், சைகைகளின் பெயர்களை வரையறுத்துக் கூறுகின்றது. எண்களைப் பொறுத்தமட்டில், 0 நீங்கலாக, 1, 2, 3, 6, 9, 14, 15 ஆகிய ஏழுக்கே 'கில்' என்னுங் கட்டளையில் நிலையான பொருள் கூறி, ஏனையவற்றை அவ்வம் முறைமைக்கே விட்டுவிட்டது. இதனால் விளைவது யாது? சாதாரண லினக்ஸ் கணினியில் 19 என்பது 'நில்' எனக் கூறும் 'சிக்-ஸ்டொப்'. மக் கணினியில் அதே 19 'தொடர்க' எனக் கூறும் 'சிக்-கொன்ட்'. ஓரிடத்தில் நிறுத்தும் எண் மற்றோரிடத்தில் நடத்துகின்றது! பாடசாலை இடாப்பில் மாணவன் ஒருவனது இலக்கம் ஆண்டுக்காண்டு மாறும். அவன் பெயர் மாறுவதில்லை. வகுப்பைக் கூறாது இலக்கத்தை மாத்திரங் கூறி அழைத்தால், வேறொருவனன்றோ எழுந்து நிற்பான்?

எந்தச் செய்நிரலுக்கு எச் சைகையை அனுப்புவது என்பதனை ஒரு கோப்பில் எழுதிவைப்பது வழக்கம். அக் கோப்பு முறைப்படி அமைந்துள்ளதா எனப் பார்க்கும் வாயிற்காவலனே ஸ்கீமா எனப்படுவது. இன்ன இடத்தில் எண் வரவேண்டும், இன்ன இடத்தில் இப் பட்டியலிலுள்ள சொற்களுள் ஒன்றே வரவேண்டும் என அது விதி வகுக்கும். விதியை மீறிய கோப்பை வாயிலிலேயே திருப்பிவிடும். நாம் பணியாற்றிய ஓரிடத்திற் சைகைக்குரிய விதி, '1 முதல் 64 வரையுள்ள ஒரு முழுவெண்' என அமைந்திருந்தது. லினக்ஸிற் சைகை எண்கள் 64 வரை செல்வதால் அவ்விதி பொருத்தமானதாகவே எவர்க்கும் தோன்றியது. அங்கு இளைஞர் ஒருவர் தமது மக் கணினியிலிருந்து 30 என எழுதினார். மக் முறைமையில் அவ்வெண், செய்நிரல் ஆக்குவோர் தம் விருப்பம்போற் பயன்படுத்தத்தக்க 'சிக்-யூஎஸ்ஆர்1' என்பதைக் குறிக்கும். நாட்பதிவேட்டை மூடிப் புதியதொன்றைத் திறக்கும்படி சேவைக்குக் கூறுதற்கு அதனை அவர் எடுத்துக்கொண்டார். கோப்பு லினக்ஸ் கணினிக்குச் சென்றது. காவலனும் வழிவிட்டான், 30 வரம்புக்கு உட்பட்டதன்றோ? ஆனால் லினக்ஸில் 30 என்பது மின்வலுத் தடையைக் குறிக்கும் 'சிக்-பவர்'. அதனை எதிர்கொள்ள ஆயத்தமில்லாத செய்நிரல் பெற்றவுடன் முடிவுறும். அவ்வாறே பதிவேடு மாறும் நள்ளிரவு தோறும் அச் சேவை மாண்டது. காரணம் காணாது எம்மவர் பல இரவுகள் விழித்திருந்தனர். கோப்பில் எழுத்துப்பிழை இல்லை; ஸ்கீமாவும் குறை கூறவில்லை; பொருளே பிழைத்திருந்தது.

பின்னர் அவ்விதி திருத்தியமைக்கப்பட்டது. எண்ணை விலக்கிப் பெயரையே ஏற்பது எனவும், அப் பெயரும் வகுத்த பட்டியலில் உள்ளதாயிருத்தல் வேண்டும் எனவும் முடிவாயிற்று. 'டேர்ம்' என்றும் 'சிக்-டேர்ம்' என்றும் இருவகையாய் எழுதுவாருளர் ஆதலின், முன்னொட்டுடன் கூடிய வடிவமே விதிக்கப்பட்டது. எண்கள் யாவும் நீங்கவே 0 என்பதும் உடன் நீங்கியது. அது செய்நிரல் உளதா இலதா என அறிதற்கு மாத்திரம் உதவுவது; 'நிறுத்துக' என்னும் இடத்தில் அதனை எழுதினால் எதுவும் நிகழாது. பெயரை எண்ணாக மாற்றும் பணி, செய்நிரல் இயங்கும் அக் கணினியின் அட்டவணையிடமே ஒப்படைக்கப்பட்டது. எண்ணை ஏற்றே ஆகவேண்டிய இடங்களில், அஃது எந்த முறைமைக்குரிய எண் என்பதனையும் உடன் எழுதுமாறு விதி வற்புறுத்தல் வேண்டும்.

இவ்வளவுஞ் செய்தபின்னும் ஸ்கீமா முற்றறிவு பெற்றுவிடுவதில்லை. 'சிக்-குவிட்' என்னும் பெயரை நோக்குக. என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சேவையகம் அதனைப் பெற்றால், கையேற்ற வேண்டுகோள்களை நிறைவேற்றிய பின் அமைதியாக ஓயும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளமோ அதனைப் பெற்றவுடன் நின்றுவிடும். மறுபடி எழும்போது மீட்புப் பணி செய்தாதல் வேண்டும். பெயரும் ஒன்றே, 3 என்னும் எண்ணும் ஒன்றே. பெறுவோன் வேறாகப் பயனும் வேறாயிற்று. ஆதலின், ஒவ்வொரு சேவையின் இயல்பையும் அறிந்தவர்கள், அதற்குத் தகும் சைகைகளை மாத்திரம் தெரிந்து பட்டியலைச் சுருக்கி விதிக்குள் எழுதிவைத்தல் நன்று.

மருத்துவமனைப் பதிவும் வங்கிக் கணக்கும் பரீட்சைப் பெறுபேறும் இன்று செய்நிரல்களின் கைகளில் உள்ளன. ஒரு வரியை எழுதிக்கொண்டிருக்கும் செய்நிரலிடம் 'முடித்துக்கொண்டு விடைபெறுக' என்பதும், 'மாய்க' என்பதும் ஒன்றல்ல. இடையில் அறுந்த வரி எவரோ ஒரு நோயாளியின் மருந்தளவாகவோ, ஏழை ஒருவரின் சேமிப்பாகவோ இருத்தல் கூடும். கணினித் துறையிற் புகவிருக்கும் இளவல்கள் இதனை உளங்கொள்வாராக. எழுதியதன் வடிவத்தைக் காவலன் பார்த்துக்கொள்வான். அது சென்று சேரும் இடத்தில் என்ன பொருள் தரும் என்பதனை, விதி எழுதும் மனிதரே முன்கூட்டி ஆராய்தல் வேண்டும். விழாக் காணும் எமது கல்லூரி அன்னை, அத்தகைய பொறுப்புணர்ந்த மைந்தரை மேன்மேலும் ஈன்றளிப்பாளாக!